பிஓடி இன்குபேட்டர் ரிவ்யூ: டிஸ்ப்ளேல 20, உள்ள 23

மொதல்லயே சொல்லிடறேன், இது வீட்டுக்கு வாங்கற சாமான் இல்ல, லேப்ல உள்ள சூட்ட ஒரே அளவுல வெக்கற பெட்டி. ஆனா லைஃப் சயின்ஸ் டிபார்ட்மென்ட்ல பிஎச்டி பண்றவங்க, புதுசா ப்ராஜக்ட் கெடச்சு இன்ஸ்ட்ருமென்ட் வாங்கப் போற மேடம் சார்கள், இவங்க யாராவது இத படிச்சா ஒரு ஆறு மாசம் மிச்சமாகும்னு தோணுச்சு, அதனால எழுதறேன். கம்பெனி பேரு போட மாட்டேன். வாரண்டி இன்னும் முடியல, அந்த சர்வீஸ் இன்ஜினியர் தம்பி திரும்ப வரணும், அவர் மொகத்த நான் பாக்கணும்.

எங்க லேப் பத்தி ரெண்டு வரி சொன்னாதான் இந்தப் பெட்டிக்கு ஏன் இவ்ளோ புலம்பல்னு புரியும். தெக்கத்தி பக்கம் ஒரு யூனிவர்சிட்டி. நாங்க பாக்கறது ஒரு உயிருக்குள்ள போற பாக்டீரியா அந்த உயிர என்ன பண்ணுது, அந்த உயிர் திருப்பி அத என்ன பண்ணுதுங்கறது. எலியெல்லாம் இல்ல, எத்திக்ஸ் கமிட்டி எலி ரூம்னு அலைய எங்களுக்கு காசும் கெடையாது தெம்பும் கெடையாது, சி. எலிகன்ஸ்னு ஒரு மில்லிமீட்டர் நீளத்துல ஒரு புழு, அதுதான் எங்க பொழப்பு. கண்ணாடி மாதிரி உடம்பு, மைக்ரோஸ்கோப்ல வெச்சா தொண்டை துடிக்கறதுலேந்து வயித்துக்குள்ள முட்டை வரிசையா நிக்கற வரைக்கும் தெரியும். வளந்த புழுவுக்கு, முட்டை விந்து செல்ல விட்டுட்டா, மொத்தமே 959 செல்தான், அதுல 302 நரம்பு செல், குடல் முழுசுக்கும் 20 செல். சிட்னி பிரென்னர் 1974ல இத வெச்சு எழுதின பேப்பர்லேந்து ஆரம்பிச்சு இந்தப் புழு வழியா வந்த நோபல் மட்டும் 2002, 2006, 2008, 2024னு நாலு. ஊர்ல கேட்டா "புழுவையா படிக்கற"ம்பாங்க, அது வேற கதை.

இதோட சாப்பாடே பாக்டீரியாதான், அதான் எங்களுக்கு வசதி. ஓபி50ங்கற ஈ.கோலை பாக்டீரியாவ ஜெல்லி மாதிரி இருக்கற அகார் ப்ளேட்ல நடுவுல தடவி விட்டா அதுலயே மேஞ்சு வளரும். ஓபி50க்கு பதிலா சூடோமோனாஸ் பிஏ14ன்னு நோய் உண்டாக்கற பாக்டீரியாவ தடவினா, அதையும் சாப்பாடுன்னு நெனச்சு ஆசையா உள்ள போகும், தொண்டையில இருக்கற அரவை மிஷினுக்கு தப்பிச்ச கிருமி குடல்ல குடி ஏறிடும், சில நாள்ல புழு கம்பி மாதிரி நேரா நீட்டிக்கிட்டு செத்துப் போயிடும். நம்மள மாதிரி ஆன்டிபாடி அது இதுன்னு எதுவும் அதுக்கு கெடையாது, ஆனா பிஎம்கே-1னு செல்லுக்குள்ள சேதி கடத்தற ஒரு ரூட்டு இருக்கு, நம்ம செல்லுல இருக்கற பி38 ரூட்டோட சொந்தக்காரன், அத வெச்சு எதுத்து நிக்கும். இந்த சண்டைய எண்ணிப் பாக்கறதுதான் எங்க வேலை. நெசமாவே எண்ணறதுதான். எத்தன உயிரோட இருக்கு, எத்தன போச்சு, கம்பிய வெச்சு லேசா தொட்டா அசையுதா இல்லையா.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்தப் புழுவுக்கு எல்லாமே சூடுதான் கணக்கு. முட்டையிலேந்து பெரிய புழு ஆக 20 டிகிரில மூணு நாள், 25ல ரெண்டு நாள் சொச்சம், 15ல அஞ்சு நாளுக்கு மேல. ஆயுசும் அப்படித்தான், 20ல ரெண்டு மூணு வாரம் இருக்கறது சூடு ஏறினா சீக்கிரம் போயிடும். 25ஐ தாண்டி ரொம்ப போனா முட்டை போடறதே நின்னுடும். உலகம் பூரா பெரும்பாலான லேப்ல 20லதான் வளக்கறாங்க, அப்பதான் ஒருத்தர் ரிசல்ட்ட இன்னொருத்தர் நம்பலாம். அமெரிக்காவுல குளுர் நாட்டுல 20 டிகிரின்னா ரூம் மாதிரி. எங்க ஊர்ல சித்திரை மாசத்துல மின்விசிறியே அனல் காத்து அடிக்கும், அங்க 20 டிகிரிங்கறது நாங்க காசு குடுத்து வாங்கற சொகுசு. அந்த சொகுசுக்குப் பேருதான் பிஓடி இன்குபேட்டர்.

பேரு ஏன் பிஓடி, அதாவது பயோகெமிக்கல் ஆக்சிஜன் டிமாண்ட்னா, இது சாக்கடைத் தண்ணிய டெஸ்ட் பண்ணறதுக்குன்னு வந்த பெட்டி. தண்ணியில இருக்கற கழிவ தின்ன பாக்டீரியாவுக்கு எவ்ளோ ஆக்சிஜன் ஆகுதுன்னு பாக்க அஞ்சு நாள் 20 டிகிரில வெப்பாங்க. 1912ல இங்கிலாந்து ராயல் கமிஷன் போட்ட அஞ்சு நாள் கணக்கு, அங்க ஆத்துத் தண்ணி அஞ்சு நாளுக்குள்ள கடலுக்குப் போயிடும்ங்கறதால அப்படி வெச்சாங்கன்னு சொல்வாங்க. நம்ம ஊர் மாசுக் கட்டுப்பாட்டு ஆளுங்க 27 டிகிரில மூணு நாள்னு மாத்திக்கிட்டாங்க, விவரமானவங்க. சாதா இன்குபேட்டர்ல ஹீட்டர் மட்டும்தான், இதுல ஹீட்டர் கம்ப்ரசர் ரெண்டும் இருக்கும், அதனால வெளிய வெயில் கொளுத்தினாலும் உள்ள குளுரா வைக்கலாம், வைக்கலாம்னுதான் சொல்றாங்க.

எங்க கிட்ட ஏற்கனவே ஒண்ணு இருந்துச்சு, நான் சேரறதுக்கு ரொம்ப முன்னாடி வாங்கினது, கதவு ரப்பர் போயி செல்லோ டேப் போட்டு ஒட்டினது. அதுல பிஏ14 மட்டும் 25 டிகிரில. அத தெறந்தா பன்னீர் திராட்ச வாசனை வரும், சத்தியமா, கம்பம் பஸ் ஸ்டாண்டுல கூடையோட ஏறுவாங்களே அதே வாசனை, சூடோமோனாஸுக்கு அப்படித்தான். புதுசா லேபுக்கு வர்ற எம்எஸ்சி பசங்க எல்லாரும் ஒரு தடவ "யாருக்கா உள்ள பழம் வெச்சது"ன்னு கேட்டு வாங்கிக் கட்டிப்பாங்க. கிருமி இருக்கற பெட்டில நல்ல புழுவ வெக்க முடியாது, அதனால எங்க கைடு மேடத்துக்கு புது ப்ராஜக்ட் சேங்ஷன் ஆனதும் வாங்கித் தரச் சொல்லி மொத இண்டெண்ட்டே இந்த இன்குபேட்டருக்குத்தான் போட்டோம்.

வாங்கின கதை எல்லா கவர்மென்ட் யூனிவர்சிட்டிலயும் ஒண்ணுதான். ஸ்பெசிஃபிகேஷன் எழுதணும், கவர்மென்ட் ஆபீசுங்க சாமான் வாங்கற ஜெம் போர்ட்டல்ல போடணும், வந்த விலைய வரிசைப்படுத்தி எவன் கம்மியோ அவன் எல்-1, அவன் கிட்டதான் வாங்கணும். ஸ்பெசிஃபிகேஷன் எழுதினது நான்தான், இத இங்க ஒத்துக்கறேன். 285 லிட்டர், 5லேந்து 60 டிகிரி, உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டிஜிட்டல் கன்ட்ரோலர், ப்ளஸ் ஆர் மைனஸ் 0.5 டிகிரி. ஒரு கம்பெனி கேட்டலாக்லேந்து அப்படியே காப்பி. அந்த 0.5க்கு என்ன அர்த்தம்னு அன்னிக்கு யோசிக்கல. ஜிஎஸ்டி எல்லாம் சேத்து ஒரு லட்சத்து பன்னெண்டாயிரம் ஆச்சு, மார்ச் கடைசில பணத்த செலவு பண்ணி கணக்கு முடிக்கற அவசரம் வேற.

நல்லத மொதல்ல சொல்லணும்ல. பாக்க லட்சணமா இருக்கு. வெளிக் கதவுக்கு உள்ள ஒரு கண்ணாடி கதவு, அத தெறக்காமலே ப்ளேட்ட எட்டிப் பாக்கலாம், இது நெஜமாவே உதவி. சத்தம் கம்மி, பழசு ஓடினா பக்கத்து லேப்லேந்து வந்து கேப்பாங்க. தட்டு கம்பி வலையா இருக்கு, உயரம் மாத்தலாம். 60 மில்லிமீட்டர் ப்ளேட்ட ஷூ டப்பா சைஸ் டப்பாவுல அடுக்கி வெச்சா ஒரு தட்டுக்கு எட்டு டப்பா நிக்கும். ஃபேன் காத்து ரொம்ப வேகமா அடிக்கல, அதனால அகார் காயல. லேபே சந்தோஷமா பொட்டு வெச்சு பத்தி கொளுத்தி ஆரம்பிச்சோம், அட்டெண்டர் அண்ணன் எலுமிச்சம்பழம் கூட வெச்சாரு.

ரெண்டு மாசம் போச்சு. எங்க லேப்ல வியாழக்கெழம காலைல ப்ளீச் பண்றது வழக்கம். ப்ளீச்னா, ப்ளேட்ல இருக்கற எல்லா சைஸ் புழுவையும் கழுவி எடுத்து ஹைப்போகுளோரைட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் ஊத்தி ஆட்டினா பெரிய புழு எல்லாம் கரைஞ்சிடும், ஓட்டுக்குள்ள இருக்கற முட்டை மட்டும் தப்பிக்கும், அத சாப்பாடு இல்லாம ராத்திரி விட்டா எல்லாம் பொரிஞ்சு ஒரே வயசு குட்டியா நிக்கும். வெள்ளிக்கெழம சாயங்காலம் சாப்பாட்டு ப்ளேட்ல விட்டா ஞாயித்துக்கெழம மத்தியானம் எல்-4, அதாவது பெரிய புழு ஆகறதுக்கு முன்னாடி கடைசி குட்டிப் பருவம். அந்த பருவத்துல புழுவோட நடு வயித்துல வெள்ளையா பிறை மாதிரி ஒரு சின்ன வளைவு தெரியும், அதப் பாத்துதான் பிக் பண்ணுவோம். ஒரு நாள் மூணாவது வருஷ பாவத்துக்கு ஞாயித்துக்கெழம நான் வந்து ப்ளேட்ட மைக்ரோஸ்கோப்ல வெச்சா பிறையவே காணோம், பாதிக்கு மேல ஏற்கனவே பெரிய புழுவா ஆயி சிலதுக்கு உள்ள முட்டை கூட வந்துடுச்சு. டைம்தான் தப்பா போட்டுட்டேன்னு நெனச்சேன். அடுத்த வாரமும் அதே கதை. சீனியர் அக்கா கிட்ட சொன்னா, அவங்க மைக்ரோஸ்கோப்லேந்து கண்ண எடுக்காம "ஏய், பொட்டி சூடா இருக்குடி"ன்னாங்க. நான் டிஸ்ப்ளேவ பாத்தேன், 20.0. "அக்கா 20தான் இருக்கு." "டிஸ்ப்ளேவா புழு வளக்குது, போயி தெர்மாமீட்டர் எடுத்துட்டு வா."

இங்கதான் இந்த ரிவ்யூவோட மெயின் மேட்டர். சாதா தெர்மாமீட்டர காத்துல தொங்கவிட்டு பாக்கக் கூடாது, கதவத் தெறந்த உடனே மாறிடும். ஒரு சின்ன ரீஏஜென்ட் பாட்டில்ல தண்ணி ஊத்தி அதுக்குள்ள தெர்மாமீட்டர முக்கி வெச்சு ராத்திரி பூரா விட்டு காலைல படிக்கணும். மூணு தட்டுக்கும் மூணு பாட்டில் வெச்சோம். காலைல கீழ்த் தட்டு 20.2, நடுத் தட்டு 21.4, மேல் தட்டு 23.1. டிஸ்ப்ளே அப்பவும் சிரிச்சுக்கிட்டு 20.0னு காட்டுது. அப்புறம்தான் கையேட்ட படிச்சோம். அந்த ப்ளஸ் ஆர் மைனஸ் 0.5ங்கறது சென்சார் இருக்கற எடத்துல நேரத்துக்கு நேரம் எவ்ளோ ஆடுதுங்கற கணக்கு. சென்சார் பின் சொவத்துல கீழ் பக்கம் குளுர் காத்து வர்ற வாயில ஒக்காந்திருக்கு. பெட்டிக்குள்ள ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் எவ்ளோ வித்தியாசம்னு எங்கயுமே எழுதல, நானும் கேக்கல. ஸ்டெபிலிட்டி வேற யூனிஃபார்மிட்டி வேற, கொட்டேஷன்ல மொத வார்த்தைய மட்டும் பெருசா போடுவாங்க, ரெண்டாவத நாமதான் கேட்டு எழுதி வாங்கணும்.

சரி மூணு டிகிரிதானே, புழு சீக்கிரம் வளந்தா என்ன கொறஞ்சிடப் போகுதுன்னு கேக்கலாம். எங்க ஜேஆர்எஃப், அதாவது ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோ தம்பி கதைய கேளுங்க. அவன் பழைய சோத்துத் தண்ணியிலேந்து லாக்டோபேசில்லஸ்னு, தயிர்லயும் இருக்கற வகை பாக்டீரியா ஒண்ண பிரிச்சு எடுத்தான், அவங்க அம்மா வீட்டுல மண் பானையில ஊற வெச்ச சோறு, பஸ்ல தூக்குல கொண்டாந்து லேபே நாறிப் போச்சு. அத புழுவுக்கு குடுத்தா ஆயுசு கூடுதான்னு பாக்கறது அவனோட வேல. ஒரு பக்கம் ஓபி50 தின்ன புழு, இன்னொரு பக்கம் லாக்டோபேசில்லஸ் தின்ன புழு, தெனமும் உயிரோட இருக்கறத எண்ணணும். ரெண்டு தடவ பண்ணான், ரெண்டு தடவையும் லாக்டோபேசில்லஸ் தின்னது சராசரியா மூணு நாள் கூட வாழ்ந்துச்சு. ரெண்டு வார ஆயுசு உள்ள புழுவுக்கு மூணு நாள்னா மனுசனுக்கு பதினஞ்சு வருசம் மாதிரி. லேபே ஆட்டம் போட்டுச்சு, மேடம் பேப்பருக்கு தலைப்பு கூட யோசிச்சு வெள்ள போர்டுல எழுதிட்டாங்க, தம்பி அம்மாவுக்கு ஃபோன் போட்டு "ஒன் சோத்துக்கு பேப்பர் வரப்போகுது"ன்னு சொல்லிட்டான்.

தெர்மாமீட்டர் கணக்கு வந்த அன்னிக்கு சாயங்காலம் சீனியர் அக்கா அவன கூப்ட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, "தம்பி, எந்த தட்டுல எத வெச்ச?" ஓபி50 டப்பா மேல் தட்டுல, லாக்டோபேசில்லஸ் டப்பா கீழ் தட்டுல. ரெண்டு தடவையும். காரணம் வேற ஒண்ணுமில்ல, லாக்டோபேசில்லஸ் ப்ளேட்ல கண்டாமினேஷன் ஒட்டக் கூடாதுன்னு அவன் தனியா கீழ வெச்சு பத்திரமா பாத்துக்கிட்டான். அவன் மொகம் போன போக்கு இருக்கே, நான் வாழ்க்கைல மறக்க மாட்டேன். அப்புறம் டப்பாவ தட்டு மாத்தி மாத்தி வெச்சு திரும்பப் பண்ணினப்ப வித்தியாசம் ஒரு நாளுக்கும் கம்மியா வந்துச்சு. அதுலயும் சந்தேகம், ஏன்னா லாக்டோபேசில்லஸ் புழுவுக்கு அவ்ளோ புடிக்காது, கம்மியா திங்கும், கம்மியா தின்னாலே புழு கூடக் கொஞ்ச நாள் வாழும். வெள்ள போர்ட மேடமே அழிச்சாங்க. ஒண்ணும் சொல்லல, அழிச்சுட்டு ரூமுக்குப் போயிட்டாங்க. நாலு மாச வேல ஒரு தட்டு வித்தியாசத்துல போச்சு. இது அச்சுல வந்த பின்னாடி வேற ஊர் லேப்காரன் பண்ணிப் பாத்து வரலன்னு எழுதிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது, அந்த வகைல பெட்டி எங்கள காப்பாத்துச்சுன்னும் சொல்லலாம், ஆனா ஸ்டார் குடுக்க மாட்டேன்.

சர்வீஸ் பத்தி. டீலர் பக்கத்து ஊர்ல, இன்ஜினியர் வரணும்னா சென்னை. ஃபோன் பண்ணா மொத கேள்வி "டிஸ்ப்ளேல எவ்ளோ காட்டுது மேடம்?" 20ன்னு சொன்னா "அப்ப சரியாத்தானே இருக்கு." இத மூணு தடவ மூணு பேர் கிட்ட சொல்லி, மேல் தட்டு பாட்டில ஃபோட்டோ எடுத்து அனுப்பி, மேடம் லெட்டர்ஹெட்ல மெயில் போட்டு, பத்தொம்பது நாள் கழிச்சு ஆள் வந்தாரு. வந்த தம்பி நல்ல தம்பி, அத சொல்லணும். கதவ தெறந்ததும் எங்களையே திரும்பிப் பாத்து "இத யாரு போட்டது?"ன்னாரு. நாங்க எல்லாரும் அசடு வழிஞ்சோம். தட்டு கம்பி வலையில ப்ளேட் டப்பா ஆடுதுன்னு அட்டெண்டர் அண்ணன் ஒவ்வொரு தட்டுலயும் தினத்தந்தி பேப்பர மடிச்சு அழகா விரிச்சு வெச்சிருந்தாரு. கீழேந்து வர்ற குளுர் காத்து பேப்பர தாண்டி எப்படி மேல போகும்? பேப்பர எடுத்துட்டு ஒரு நாள் விட்டு பாத்தா மேல் தட்டு 23.1லேந்து 22.0க்கு எறங்கிடுச்சு. அதாவது மூணு டிகிரில ஒரு டிகிரி எங்க தப்பு. மிச்சம் ரெண்டு அவங்களோடது. ஃபேன் ஒழுங்கா சுத்தலன்னு மாத்திக் குடுத்தாரு, கன்ட்ரோலர் உள்ள போயி ஆஃப்செட்டுன்னு ஏதோ ஒண்ண மாத்தினாரு, கடைசில மேல 20.9, கீழ 19.8. அதோட நாங்க சமாதானம் ஆயிட்டோம், இதுக்கு மேல இந்த விலைக்கு எதிர்பாக்கறது நியாயமில்லன்னு அவரும் சொன்னாரு, ஒத்துக்கிட்டோம். டீ வாங்கிக் குடுத்து அனுப்பினோம்.

அதோட முடிஞ்சிருந்தா நான் நாலு ஸ்டார் போட்டிருப்பேன்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம. கேம்பஸ்ல எல்லாரும் லீவு, சாயங்காலம் காத்தும் இடியுமா வந்து கரென்ட் போச்சு. ஜென்செட் ஓடி, அப்புறம் ஈபி வந்து, திரும்பப் போயி, திரும்ப வந்து, வாட்ச்மேன் அண்ணன் சொன்ன கணக்குல நாலஞ்சு தடவ. எங்களுக்கு ஸ்டெபிலைசர் இருக்கு, அதனால பயப்படல. ஸ்டெபிலைசர் வோல்டேஜ்ஜத்தான் பாக்கும். கரென்ட் வந்த உடனே கம்ப்ரசர் ஓடினா அது கெட்டுடும்னு மூணு நிமிசம் லேட்டா ஓட வெக்கற டைமரும் இருக்கு, அதுவும் ஒழுங்கா வேல செஞ்சுச்சு. ஆனா இந்த கன்ட்ரோலருக்கு ஒரு குணம் இருக்கு, கரென்ட் போயி வந்தா அது தானா ஓடாது. ஸ்டாண்ட்பைல நிக்கும். யாராவது வந்து பட்டன மூணு செகண்ட் அமுக்கினாதான் ஓடும். டிஸ்ப்ளே எரியும், உள்ள இருக்கற டிகிரிய காட்டும், எல்லாம் ஓடற மாதிரியே இருக்கும். வித்தியாசம் என்னன்னா ஓரத்துல ரன்னுன்னு எழுதின எடத்துக்கு மேல கடுகு சைஸ்ல ஒரு பச்ச லைட், அது எரியாது. அவ்ளோதான். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ கரென்ட் போனப்ப யாரோ ஒருத்தர் லேப்ல இருந்து எதையோ அமுக்கி ஓட வெச்சிருக்காங்க, அதனால இது தெரியவே இல்ல.

திங்கக்கெழம காலைல ப்ராஜக்ட் அசிஸ்டன்ட் பொண்ணுதான் மொதல்ல வந்தா. வாட்ஸப் க்ரூப்ல ஒரு ஃபோட்டோ வந்துச்சு, டிஸ்ப்ளேல 31.4. கீழ ஒரு வரி கூட எழுதல.

சீனியர் அக்காவோட லைஃப்ஸ்பேன், அதாவது புழுவோட ஆயுச எண்ணற சோதனை, அன்னிக்கு பன்னெண்டாவது நாள். தெனமும் தாய்ப் புழுவ புது ப்ளேட்டுக்கு மாத்தி மாத்தி, பொங்கலுக்கு கூட ஊருக்குப் போகாத ஆளு, தீசிஸ்ல கடைசி சாப்டரோட கடைசி படம் அது. செத்தது கூட கம்மிதான், பாதிக்கு மேல உயிரோடதான் இருந்துச்சு. ஆனா உயிரோட இருக்கறதாலயே பிரயோஜனம் இல்ல. சூடு பட்டா சிலது சீக்கிரம் போகும், கொஞ்ச நேர சூடு சில சமயம் ஆயுச கூட்டவும் செய்யும், அதனால அதுக்கப்புறம் வர்ற நம்பர் எந்தப் பக்கமும் நம்பறதுக்கில்ல. அக்கா அழுவாங்கன்னு நெனச்சோம். அழல. டப்பாவ எல்லாம் எடுத்து, ஆவில வேக வெச்சு கிருமிய கொல்றதுக்கான ஆட்டோகிளேவ் பைல போட்டுட்டு "வாங்கடி, காப்பி குடிச்சிட்டு வரலாம்"னாங்க. காப்பி கடைல ஒக்காந்து ஒரு வார்த்த பேசல.

அடுத்த விஷயம் நாலு நாள் கழிச்சுதான் தெரிஞ்சது, இத படிக்கற புழுக்காரங்களுக்கு சிரிப்பு வரும். எங்க ஸ்டாக் ப்ளேட் எல்லாத்துலயும் ஆம்பளப் புழு. சாதாரணமா இந்தப் புழுல எல்லாமே தன்னாலயே முட்டை போடற வகைதான், ஆம்பளங்கறது ஆயிரத்துக்கு ஒண்ணு ரெண்டு. ஆனா எல்-4 பருவத்துல 30 டிகிரி சூட்டுல சில மணி நேரம் இருந்தா எக்ஸ் குரோமோசோம் பிரியறதுல தடுமாறி ஆம்பள கூட வரும், ஆம்பள வேணும்னு நெனக்கற லேப்ல வேணும்னே இப்படி சூடு வெப்பாங்க. எங்களுக்கு வேண்டாமலே வந்துச்சு. ஒல்லியா, வால் நுனில விசிறி மாதிரி ஒண்ண விரிச்சுக்கிட்டு ப்ளேட் பூரா திரியறானுங்க. எம்எஸ்சி பசங்க "அக்கா இது என்ன புது ஸ்பீஷீஸா"ன்னு கேக்கறாங்க. இன்னொரு பக்கம் முட்டையே போடாத புழு. ஒழுங்கா இருந்தா ஒரு புழு முந்நூறு முட்டை கிட்ட போடும், அந்த வாரம் பல ப்ளேட்ல முப்பது கூட தேறல.

நல்லவேள, மைனஸ் 80ல ஸ்டாக் இருந்துச்சு. இந்தப் புழுவ கிளிசரால்ல உறைய வெச்சு வருசக்கணக்குல வெக்கலாம், எடுத்து வெளிய வெச்சா குட்டிப் புழுல கொஞ்சமாவது நெளிஞ்சு எழுந்திரிக்கும். மின்னசோட்டா யூனிவர்சிட்டில இருக்கற சிஜிசிங்கற புழு சேமிப்பு சென்டர்லேந்து வரவழைச்ச புழு வகை எல்லாத்தையும், அது வந்து சேந்த அன்னிக்கே உறைய வெக்கச் சொல்லி மேடம் உசுர வாங்குவாங்க, அப்ப முணுமுணுத்தோம், இப்ப கும்பிட்டோம். ஒரே ஒரு ம்யூட்டன்ட், அதாவது ஜீன் மாறின புழு வகை, மட்டும் எழுந்திரிக்கல, அதுக்கு திரும்ப எழுதிப் போட்டிருக்கோம்.

கம்பெனிக்கு ஃபோன் பண்ணி கரென்ட் வந்தா தானா ஏன் ஓடலன்னு கேட்டா "அது சேஃப்டி ஃபீச்சர் மேடம்"னு சொன்னாங்க. யாரோட சேஃப்டின்னு நான் கேட்டேன். அப்புறம் அதே இன்ஜினியர் தம்பி ஃபோன்லயே வந்து கன்ட்ரோலர் செட்டிங்ல ஒரு எண்ண 0லேந்து 1 ஆக்கச் சொன்னாரு. ஆக்கினோம். மெயின்ன அணைச்சுப் போட்டா தானா ஓடுது. ஒரு எண். இன்ஸ்டால் பண்ண வந்த அன்னிக்கே ரெண்டு செகண்ட் வேல. கையேட்டுல அந்த எண் இருக்கற பக்கமே இல்ல, அது டீலருக்கு மட்டும் குடுக்கற கையேடாம்.

ஆக மொத்தம் இந்தப் பெட்டிய வாங்கலாமான்னு கேட்டா, விலைக்கு வாங்கலாம், ஆனா நான் வாங்கின மாதிரி வாங்காதீங்க. ஸ்பெசிஃபிகேஷன்ல யூனிஃபார்மிட்டின்னு தனியா ஒரு வரி எழுதுங்க, எத்தன எடத்துல அளந்து காட்டணும்னும் எழுதுங்க, கரென்ட் போயி வந்தா தானா அதே டிகிரில ஓடணும்னு எழுதுங்க. இன்ஸ்டால் பண்ண வர்றவர் முன்னாடியே மெயின் சுவிட்ச அணைச்சுப் போட்டு காட்டச் சொல்லுங்க, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, போட்டப்புறம் யாரும் வர மாட்டாங்க. எஸ்எம்எஸ் அலாரம் தனியா காசு கேப்பாங்க, அந்த காசுக்கு கூட ஒரு நல்ல டேட்டா லாகர் வாங்கி உள்ள போட்டுடலாம், நாங்க இப்ப அதத்தான் செஞ்சிருக்கோம், பத்து நிமிசத்துக்கு ஒரு தடவ பதிவு பண்ணும். அது வந்தாலும் சீனியர் அக்கா தண்ணி பாட்டில எடுக்க விடல. இன்னமும் மூணு தட்டுலயும் மூணு பாட்டில் நிக்குது, காலைல மொதல்ல வர்றவங்க படிச்சு லாக் புக்ல எழுதணும். பூஞ்சைக்கு கூட ஒரு வார்த்த: ஃபேன் இருக்கற எல்லா பெட்டியும் ஒரு ப்ளேட்ல வந்த பூஞ்சைய எல்லா ப்ளேட்டுக்கும் பந்தி பரிமாறும், அது இந்த கம்பெனி குத்தமில்ல, டப்பாவ மூடி வெய்ங்க, மாசத்துக்கு ஒரு தடவ ஆல்கஹால் போட்டு தொடைங்க.

அஞ்சுக்கு ரெண்டரை. அந்த அரை இன்ஜினியர் தம்பிக்கு.

ஜேஆர்எஃப் தம்பி இப்ப அதே பழைய சோத்து லாக்டோபேசில்லஸ மொதல்ல குடுத்துட்டு அப்புறம் பிஏ14ல விட்டு பாக்கறான், எந்த டப்பா எந்த தட்டுன்னு அவனுக்கே தெரியாத மாதிரி சீட்டு குலுக்கி நாங்கதான் வெக்கறோம். அக்கா லைஃப்ஸ்பேன திரும்ப மொத நாள்லேந்து ஆரம்பிச்சு இன்னிக்கு ஒம்பதாவது நாள். கதவுல ஞாயித்துக்கெழம டூட்டின்னு ஒரு லிஸ்ட் ஒட்டியிருக்கு, வந்து பச்ச லைட்ட ஃபோட்டோ எடுத்து க்ரூப்ல போட்டுட்டு போகணும், மேடம் பேரும் அதுல இருக்கு. இந்த வாரம் என் முறை, கேம்பஸ் பஸ் ஞாயித்துக்கெழம ஓடாது, யாராவது அந்தப் பக்கம் வண்டில போறீங்களா?